நாற்பது பக்க நோட்டும் ஏழு விரிவுநூல்களும்

என் அன்பு மாப்ளே சுருளி,

போன மாதம் கடைக்கு ஒரு பெட்டி வந்தது. இறக்கி வைத்தவருக்கு மூச்சு வாங்கியது. "என்ன பாய், உள்ள கல்லா கெடக்கு?" என்று கேட்டார். கல்லாக இருந்தால் வாசலில் போட்டுப் படியாகவாவது வைத்துக்கொண்டிருப்பேன். உள்ளே இருந்தது உன் விளையாட்டு. கெட்டி அட்டையில் ஆறு புத்தகங்கள், ஏழாவதற்கு அட்டையில்லாத ஒரு மாதிரிப் பிரதி, கூடவே ஒரு தகர டப்பா. டப்பாவுக்குள் பச்சை பிளாஸ்டிக்கில் வார்த்த ஆறு ஏலக்காய்கள்.

ஒன்றை எடுத்து மோந்து பார்த்தேன். ஏதோ சென்ட்டை அதன்மேல் தெளித்திருக்கிறார்கள். தெருவில் நடந்தாலே சட்டையில் ஏலக்காய் மணம் ஒட்டிக்கொள்கிற போடிக்கு, சென்ட் அடித்த பிளாஸ்டிக் காய் வந்து இறங்கியிருக்கிறது. டப்பாவை மூடிவிட்டுப் போய்க் கையைக் கழுவினேன்.

நீ போய் ஆறு வருடம் ஆகிறது. இத்தனை நாள் உனக்கு ஒரு வரிகூட எழுதாதவன் இப்போது ஊர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன் என்றால், அதற்குக் காரணம் அந்தப் பெட்டிதான். பெட்டியை அனுப்பியவன் நம் கார்த்தி. அவன்மேல் எனக்குள்ள கோபத்தை இதில் மறைக்கப் போவதில்லை. என்மேல் எனக்குள்ள அருவருப்பையும் மறைக்கப் போவதில்லை. இது அந்தக் கோபத்தைவிடப் பெரியது.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் ஒட்டுக்கேட்கிறவர்களுக்குத் தெரியாதே, அதனால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கார்த்தி கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தபோது லீவில் ஒரு வெளிநாட்டு விளையாட்டைக் கொண்டுவந்தான். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு பாத்திரமாகப் புகுந்து, பகடை உருட்டி, மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவது. என் செராக்ஸ் கடையில் நகலெடுக்க அவன் கொண்டுவந்தது மூன்று தடிப் புத்தகங்கள். அவை அடிப்படை விதிகள் மட்டும்தானாம். மேலும் இருபது முப்பது விரிவுநூல்கள் இருக்கின்றன என்று பெருமையாகச் சொன்னான், பெரிய வீட்டில் பெண் எடுத்தவன் மாதிரி.

நீ அன்றைக்கு மலையிலிருந்து இறங்கி வந்திருந்தாய். மேலே கேரளத்து எஸ்டேட்டில் காய் உலர்த்தும் ஸ்டோரில் உனக்கு வேலை. மூன்று புத்தகத்தையும் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு நீ சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. "இதப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள ஒரு எடுப்புக் காய எடுத்து, ஒணத்தி, மூட்டையும் கட்டிரலாம். வெளையாட்டு எப்ப கார்த்தி ஆரம்பிக்கும்?"

அடுத்த மாதம் நீயே ஒன்றை எழுதிக்கொண்டு வந்தாய். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாங்குகிற நாற்பது பக்க நோட்டு. பெயர் 'மெட்டு'. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறுகிற ஒரு ஜீப்பு, அதில் வேலைக்குப் போகிற ஆட்கள், பதினேழு வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் ஏதாவது ஒன்று நடக்கும், மேலே போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

ஒவ்வொருவருக்கும் மூன்று திறமைகள் கொடுத்தாய். கை, கால், வாய். மூன்றுக்கும் சேர்த்து ஆறு புள்ளிகளை விருப்பம்போலப் பிரித்துக்கொள்ளலாம். போடியில் எங்கே போய்ப் பகடை வாங்குவது? ஒரு துணிப்பையில் நல்ல காயையும் வெடித்த காயையும் கலந்து போட்டாய். கை மூன்று என்றால் பையில் கண்ணை மூடிக்கொண்டு மூன்று காய் எடுக்க வேண்டும். அதில் வாய் பிளந்த காய் ஒன்று இருந்தாலும் நினைத்த காரியம் நடந்துவிடும். "வெடிச்ச காய ஏலத்துல ஒருத்தனும் சீண்ட மாட்டான். நம்ம வெளையாட்டுலயாவது அது ஜெயிக்கட்டும்" என்றாய். ஆட்டம் முடிந்ததும் எடுத்த காயை எல்லாம் தட்டித் தேநீரில் போட்டுவிடுவோம். அடுத்த வாரத்துக்குப் புதுக் காய்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது உன் பின்சீட்டு விதி. நோட்டில் இல்லாத சங்கதி ஏதாவது வந்துவிட்டால் என்ன செய்வது? பின்சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறவர் சொல்வதுதான் முடிவு. சொன்ன பிறகு அவர் முன்னால் வந்துவிட வேண்டும், அடுத்தவர் பின்சீட்டுக்குப் போக வேண்டும். எட்டு வரியில் எழுதியிருந்தாய். உலகத்தில் இருக்கிற அத்தனை விரிவுநூலும் அந்த எட்டு வரிக்குள் அடங்கிக் கிடந்தது. அதைப் புரிந்துகொள்ளத்தான் எங்களுக்கு ஆறு வருடம் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் என் கடையின் பின்னறையில், தாள் கட்டுகளின் மேல் உட்கார்ந்து, நான்கு பேர் ஆடினோம். நீ, நான், கார்த்தி, உன் தங்கை பேச்சி. பேச்சிக்கு எப்போதும் பின்சீட்டுதான் வேண்டும். வாரம் முழுக்க நிஜ ஜீப்பில் பின்சீட்டில் நசுங்கிக்கொண்டு எஸ்டேட்டுக்குப் போய்வருகிறவள், ஞாயிற்றுக்கிழமையும் அங்கேயே போய் உட்காருவதைப் பார்த்து நான் கேலி செய்வேன். "அங்க ஒக்காந்தாத்தான்ணே ரோடு பூராவும் தெரியும்" என்பாள்.

பிறகு அந்த மழைக்காலம். சுத்தமாகப் படியெடுத்த நோட்டைப் பேச்சியிடம் கொடுத்து என்னிடம் சேர்க்கச் சொல்லியிருந்தாய், நான்கு நகல் எடுத்து வைக்கும்படி. அந்த வாரமே காய்ச்சல் என்று படுத்தாய். பத்து நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. நீயே நேரில் வந்து நோட்டைத் தந்திருந்தால் உன்னிடமே கேட்டிருப்பேன் அல்லவா?

கேட்க வேண்டிய ஒன்று அதில் இருந்தது. முப்பத்திரண்டு பக்கம் வரை உன் சிறிய எழுத்தில் விதிகள். முப்பத்துமூன்றாம் பக்கத்தின் தலையில் ஒரே ஒரு சொல். 'மதி'. அடியில் ஒரு கோடு. கை, கால், வாய் என்ற தலைப்புகளுக்கு நீ எப்படிக் கோடு போட்டிருந்தாயோ அதே மாதிரி. அதற்குப் பிறகு ஏழு பக்கம் வெறுமையாக இருந்தது.

நான்காவது திறமை! கை, கால், வாய், மதி. சுருளி தலைப்பை எழுதிவிட்டு, உள்ளே எழுதுவதற்குள் போய்விட்டானே என்று நானும் கார்த்தியும் அந்தப் பக்கத்தைப் பார்த்து அழுதோம். நிஜமாகவே அழுதோம். அழுது முடித்துவிட்டு, உன் ஆசையை நாங்கள் நிறைவேற்றுவோம் என்று முடிவெடுத்தோம். உன் ஆசை என்ன என்று உன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

முதல் விரிவுநூலை எழுதியவன் நான்தான். இதை ஊர் அறியச் சொல்கிறேன். 'மதி நூல்', அறுபத்துநான்கு பக்கம், உரை காதர். நகலெடுக்க வருகிறவர்களின் விண்ணப்பங்களைத் திருத்திக் கொடுத்துக் கொடுத்து எனக்கு எழுத வரும் என்ற திமிர் ஏறியிருந்தது. நீ பேசுகிற மாதிரி எழுதியிருந்த நோட்டுக்குப் பக்கத்தில் 'உடையவர்', 'இல்லாதவர்', 'கூறலாகாது' என்று கல்வெட்டு மாதிரி எழுதி வைத்தேன். இப்போது அதை எடுத்துப் படித்தால் என் காதில் நானே ஓங்கி அறையலாம் போலிருக்கிறது.

அதில் ஒரு பட்டியல் போட்டேன் மாப்ளே. சொல்லவே வாய் கூசுகிறது. யாருக்கு எத்தனை மதி என்பதைப் படிப்பை வைத்து முடிவு செய்தேன். கல்லூரி என்றால் நான்கு. பத்தாவது என்றால் இரண்டு. அஞ்சாவதோடு நின்றவர்களுக்கு ஒன்று. அதன் கீழே ஒரு விதி: 'மதி ஒன்று உடையவர் திட்டம் கூறலாகாது.'

உன் தங்கை அஞ்சாவதோடு நின்றவள். அது எனக்குத் தெரியாதா? தெரியும். எழுதும்போது அவள் முகம் நினைவுக்கு வரவில்லை. பட்டியல் அழகாக வந்திருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

உன் முதல் வருட நினைவு நாளுக்கு அடுத்த ஞாயிறு மறுபடி ஆட உட்கார்ந்தோம். பேச்சி புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள், காயும் அவள்தான் கொண்டுவந்தாள். ஒன்பதாவது வளைவில் மரம் சாய்ந்து கிடக்கிறது என்று வந்தது. பின்சீட்டிலிருந்து அவள் எழுந்தே விட்டாள். "அண்ணே, இதுக்கு எனக்கு ஒண்ணு தோணுது..."

கார்த்தி என் புத்தகத்தைப் புரட்டினான். "இரு பேச்சி. ஒனக்கு மதி ஒண்ணுதான். நீ திட்டம் சொல்லக் கூடாது. இந்தா பாரு, புத்தகத்துலயே போட்டிருக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் புத்தகத்தைப் பார்த்தேன். விதி சரியாகத்தான் இருந்தது. நானும் கார்த்தியும் அந்த மரத்தை அப்புறப்படுத்த ஒரு மத்தியானம் முழுக்கக் காய் எடுத்துக்கொண்டிருந்தோம். மதியால் ஆராய்தல், மதியால் அளத்தல், மதியால் பிளத்தல் என்று பதினோரு படிகள் நான் எழுதியிருந்தேனே, அத்தனையையும் ஏறி முடித்தோம். தேநீர் வந்தபோது பேச்சி கிளம்பிவிட்டாள். "ஜீப்பு போயிரும்ணே, வெரசாப் போகணும்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஏது ஜீப்பு? அதற்குப் பிறகு அவள் ஆட வரவேயில்லை.

நான் போய்க் கூப்பிட்டேனா? இல்லை. கூச்சம். கூச்சத்துக்கு 'அவளுக்குச் சோலி அதிகம்' என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு கார்த்திக்கு வேகம் வந்துவிட்டது. சென்னையில் யாரோ பதிப்பாளரைப் பிடித்தான். மழை நூல் வந்தது. தூறலுக்கு ஒரு விதி, சாரலுக்கு ஒரு விதி, அடைமழைக்கு மூன்று பக்கம். நனைந்தால் நனைந்தது என்று நீ ஒரே வரியில் விட்டிருந்தாய். யானை நூல் வந்தது. அதில் யானையின் மனநிலையை ஏழு வகையாகப் பிரித்திருக்கிறான். யானையை எதிரே பார்த்த ஜீப்புக்காரன் புத்தகத்தைப் புரட்டி இது நான்காம் வகை என்று கண்டுபிடித்துக்கொண்டிருப்பானா? நீ சொல், மாப்ளே.

சோதனைச்சாவடி நூலைச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. எத்தனை வகை அதிகாரி, எத்தனை வகைத் தாள், எந்தத் தாளில் எந்தக் கையெழுத்து. போன வருடம் மதுரையில் இந்த விளையாட்டை ஆடுகிற ஐந்து பேர் என்னைக் கூப்பிட்டார்கள், சுருளியின் நண்பர் என்று மாலை போட்டு உட்கார வைத்தார்கள். காலையில் தொடங்கினார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்தபோது ஜீப்பு இன்னும் போடி பஸ்டாண்டைத் தாண்டவில்லை. ஒருவர் தன் பாத்திரத்துக்கு அடையாள அட்டை நிரப்பிக்கொண்டிருந்தார். நடுவில் பின்சீட்டு விதியைப் பற்றிக் கேட்டேன். "அது பழைய மூலப் புத்தகத்துல இருந்தது சார். இப்ப எல்லாத்துக்கும் விதி வந்துருச்சு, அதனால எடுத்துட்டாங்க" என்றார்கள்.

எடுத்துவிட்டார்கள். உன் எட்டு வரியை. காய்க்குப் பச்சைச் சாயம் அடித்து விற்கிறவனைப் பார்த்தால் எப்படி அருவருப்பு வருமோ, அப்படி வந்தது எனக்கு. அவனாவது உள்ளே இருக்கிற விதையை விட்டு வைக்கிறான்.

இப்போது அந்தப் பெட்டிக்கு வருகிறேன். பெட்டி வந்த நான்காம் நாள் கார்த்தியே காரில் வந்து இறங்கினான். ஏழாவது புத்தகம் எல்லாவற்றுக்கும் மகுடமாம். பெயர் 'முழு மதி'. அட்டையில் உன் கையெழுத்திலேயே அந்த ஒரு சொல்லை, அடிக்கோட்டோடு, தங்க நிறத்தில் அச்சிட வேண்டும். அதற்கு மூல நோட்டு வேண்டும். நோட்டு என் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. பேச்சியின் சம்மதக் கையெழுத்தும் வேண்டும்.

"மாமா, சுருளிக்கு நாம செய்யிற பெரிய மரியாதை இது" என்றான். அந்த 'நாம'வைக் கேட்டதும் எனக்கு உடம்பு கூசியது. ஆனால் மறுக்கவில்லை. மறுக்க எனக்கு என்ன தகுதி? முதல் புத்தகம் என்னுடையது. நோட்டை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவன் காரில் ஏறினேன்.

மூன்று மணிக்கு மேல் பேச்சி வேலை முடிந்து போடிமெட்டில் ஜீப்புக்கு நிற்பாள் என்று தெரியும். எல்லையின் கேரளப் பக்கத்துத் தேநீர்க் கடையில் அவளைப் பார்த்தோம். தலையில் துண்டு, கையெல்லாம் காய்க் கறை, கூட எட்டுப் பெண்கள். அஞ்சு வருடம் கழித்துப் பார்க்கிறவள், நேற்றுப் பார்த்தவள் மாதிரிச் சிரித்தாள். "வாங்கண்ணே. என்ன, இம்புட்டுத் தூரம்? கார்த்தியண்ணே தொப்ப வச்சிருச்சு!"

கார்த்தி புத்தகங்களைப் பெஞ்சில் அடுக்கினான். விஷயத்தைச் சொன்னான். நான் துணியை அவிழ்த்து நோட்டை அவளிடம் கொடுத்தேன். அண்ணன் கையெழுத்தைத் துண்டில் கையைத் துடைத்துவிட்டுத்தான் தொட்டாள். எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே பக்கம் பக்கமாகத் திருப்பினாள். நாங்கள் காத்திருந்தோம். கடைக்கார சேட்டன் அவள் கிளாசில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"மதியோ?"

"மதி சேட்டா" என்றாள் பேச்சி, நிமிராமல்.

அவர் ஊற்றுவதை நிறுத்தினார். அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். முப்பத்துமூன்றாம் பக்கம். அந்தச் சொல்லைப் பார்த்தாள். முகம் மாறியது. முதலில் சிரித்தாள், பிறகு துண்டின் நுனியை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணே... இது மதிண்ணே."

"அதான் பேச்சி, மதி. அறிவு" என்றான் கார்த்தி.

"அறிவு இல்லண்ணே. மதி. போதும்." அவள் கிளாசைத் தூக்கிக் காட்டினாள். "எஸ்டேட்டுலயே பொறந்து வளந்த ஆளு அது. சோறு போட்டா மதிங்கும், காய் நெறுத்து முடிச்சா மதிங்கும். அங்க லயத்து வீட்டுல இருந்தப்ப எங்க எல்லாருக்கும் அதான் பேச்சு. எழுதி முடிச்சிட்டேன், இதுக்கு மேல வேணாம்னு எழுதிருக்குண்ணே எங்கண்ணன்."

மாப்ளே, எனக்கு அந்தச் சொல் தெரியும். மலையிலிருந்து வந்து நகலெடுக்கிற மலையாளத்து ஆட்கள் தினமும் என் கடையில் சொல்கிற சொல். பத்துத் தாள் ஓடியதும் "மதி மதி" என்று கையைக் காட்டுவார்கள், நான் மிஷினை நிறுத்துவேன். காதில் விழுந்தால் நிறுத்தத் தெரிந்தவனுக்கு, தமிழ் எழுத்தில் கோடு போட்டு எழுதியிருந்ததும் இலக்கியமாகத் தெரிந்துவிட்டது. நீ போதும் என்று எழுதிய இடத்திலிருந்து நாங்கள் தொடங்கியிருக்கிறோம். நீ வேண்டாம் என்று விட்ட ஏழு வெற்றுப் பக்கத்துக்கு ஏழு புத்தகம்.

கார்த்தி குனிந்து அந்தச் சொல்லை மறுபடி பார்த்தான். அவனுக்கும் உறைத்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு அவன் வாயைத் திறந்தான். "சூப்பர் மாமா! ரெண்டு அர்த்தம்! இதயே முன்னுரையில ஒரு கதையா வச்சிரலாம். படிக்கிறவன் அப்படியே உருகிருவான்."

தூ என்று துப்பியிருக்க வேண்டும். பெண்கள் நின்றதால் விழுங்கிக்கொண்டேன்.

அவன் சம்மதத் தாளையும் பேனாவையும் பேச்சியிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை. என் 'மதி நூல்' பெஞ்சில் மேலாகக் கிடந்தது. அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"மதி ஒண்ணு உள்ளவ போட்ட கையெழுத்து செல்லுமாண்ணே?"

கோபமாகக் கேட்கவில்லை. அதட்டவில்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்கிற மாதிரிக் கேட்டாள். அஞ்சு வருடமாக அதை உள்ளேயே வைத்துக்கொண்டு, தினமும் பதினேழு வளைவு ஏறி இறங்கியிருக்கிறாள். அத்தனை பேர் முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "தப்பு பண்ணிட்டேன் ஆத்தா. அந்தப் பட்டியல எழுதுன கை இதுதான்" என்றேன். அவள் நோட்டைத் துணியில் சுற்றித் தன் தூக்குவாளிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அது அவளிடம் இருக்கட்டும். என் இரும்புப் பெட்டியைவிட அந்தப் பை பத்திரமானது.

கார்த்தி கோபித்துக்கொண்டு புத்தகங்களைக் காரில் வீசினான். நோட்டு கிடைக்காவிட்டால் ஒரு ஓவியரை வைத்து உன் எழுத்து மாதிரியே எழுத வைப்பானாம். "நிறுத்த முடியாது மாமா. அச்சுக்குப் போயாச்சு" என்றான். நிறுத்த என்னால் முடியாதுதான். அதனால்தான் ஊர் அறிய எழுதுகிறேன். ஏழில் எதையும் சுருளி எழுதவில்லை. அட்டையில் இருக்கப்போகிற எழுத்தும் அவன் எழுத்து இல்லை. சுருளி எழுதியது முப்பத்திரண்டு பக்கமும் ஒரு சொல்லும்.

அவன் காரில் நான் திரும்பவில்லை. ஜீப்புக்கு நின்றேன். பேச்சியே கூப்பிட்டாள். "ஏறுங்கண்ணே. எறங்கற வரைக்கும் ஆடுவமா? ஆனா ஒண்ணு. ஒங்களுக்குப் புள்ளி நாந்தான் பிரிப்பேன்."

பிரித்தாள். கை மூன்று, கால் மூன்று, வாய் ஒன்றுமில்லை. வாயில்லாதவன் பேசக் கூடாது என்பது உன் நோட்டிலேயே இருக்கிற விதி, நான் எழுதியது அல்ல. ஜீப்பில் எல்லாரும் சிரித்தார்கள். மடியிலிருந்து காய்ப் பையை எடுத்தார்கள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, இந்தப் பெண்கள் ஒவ்வொரு நாளும் இதை ஆடிக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். புத்தகம் இல்லை, தாள் இல்லை. எல்லாருக்கும் மனப்பாடம். நீ சொல்லிக் கொடுத்ததைப் பேச்சி அவர்களுக்குச் சொல்லியிருக்கிறாள். நான் மதுரையில் மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதும் உன் விளையாட்டு இந்த ரோட்டில் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

ஒன்பதாவது வளைவில் ஜீப்பு நிஜமாகவே திரும்பும்போது பேச்சி அறிவித்தாள். "மரம் சாஞ்சு கெடக்கு." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கு வாயில்லை. பின்சீட்டு ஓரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்குச் சொல்ல விடாத திட்டத்தைச் சொன்னாள்.

"மரத்த எதுக்கு நகட்டணும்? அந்தப் பக்கம் எதுத்தாப்புல வந்த ஜீப்பும் போக முடியாம நிக்கும்ல? அவுக ஆளு மரத்தத் தாண்டி நம்ம ஜீப்புல ஏறட்டும். நாம அவுக ஜீப்புல ஏறுவோம். ரெண்டு டிரைவரும் வண்டியத் திருப்பிக்கட்டும். அம்புட்டுதான்."

அவ்வளவுதான் மாப்ளே. பதினோரு படி எழுதியவனுக்குத் தோன்றாதது. ஒரு காய்கூட எடுக்க வேண்டியிருக்கவில்லை. மற்றப் பெண்கள், இது ஒரு பெரிய விஷயமா என்பது போல அடுத்த வளைவுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மலையடிவாரத்தில் முந்தலில் இறங்கியபோது பேச்சி காயை எல்லாம் சேர்த்து என் கையில் கொட்டினாள். "மதிண்ணே. இனி பேசலாம்" என்றாள். அந்தக் காயைத்தான் இன்று காலைத் தேநீரில் தட்டிப் போட்டுக் குடித்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். 'மதி நூல்' கைப்பிரதியைத் தண்ணீரில் ஊறப்போட்டிருக்கிறேன். அட்டையாகத் தட்டிக் காயவைத்து, கடை மேசையின் ஆடுகிற காலுக்கு அடியில் வைக்கலாம்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உன் நோட்டில் இனி ஒரு வரி சேர்க்க மாட்டேன். கேட்டு வருகிறவர் யாராக இருந்தாலும் முப்பத்துமூன்று பக்கத்தை மட்டும் நகலெடுத்துக் கொடுப்பேன். கடைசிப் பக்கத்தில் இருப்பது என்ன என்று அவர் கேட்டால் அதற்கு விளக்கம் எழுத மாட்டேன், பேச்சியைப் பார்க்கச் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பின்னறை திறந்திருக்கும். அவள் வருவாளா என்று தெரியாது. பின்சீட்டு அவளுக்குக் காலியாக இருக்கும்.

இன்னும் உன்னிடம் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. கை எழுதிக்கொண்டே போகிறது. இந்தக் கையை எனக்குத் தெரியும், இதை நம்பக் கூடாது.

மதி, மாப்ளே.

வாயில்லாமல் பதினேழு வளைவு இறங்கி வந்த
உன் மாமன்
காதர்